மச்சாள், உங்கள் சேவலை நான் நேர்ந்துவிட்டேன்

என் ஆசை மச்சாள் பிலோமினாவுக்கு,

திருவிழா முடிந்து எல்லாரும் கல்லறைப் பக்கம் போனார்கள். நானும் மெழுகுதிரியோடு வந்தேன். கேற்றடி மட்டும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கம் மச்சாள். "மண்ணுக்குள்ள கிடக்கிற மனுசிக்கு என்னடி முகம்?" என்று உங்கள் புருசன், என் அண்ணன், கேட்டார். அவருக்குச் சொன்னால் விளங்காது. இத்தனை வருடம் உங்களோடு ஒரே குசினியில் புகை குடித்தவள் நான்.

சுற்றி வளைத்தால் எனக்கே பொறுக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சேவலை நான் செபஸ்தியாருக்கு நேர்ந்துவிட்டேன். நேர்ந்ததோடு நில்லாமல் கொடுத்தும்விட்டேன். அதை அறுத்துக் கறியாக்கித் திருவிழா விருந்தில் தின்றும் முடித்துவிட்டார்கள். ஊரறியத் தலை குனிந்தவள் ஊரறியவே எழுதட்டும் என்றுதான் இதைப் பேப்பருக்கும் அனுப்புகிறேன்.

வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு சேவலுக்கு இவ்வளவு ஒப்பாரியா என்று கேட்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறின காலத்தில்தான் நீங்கள் மூதூர் லோஞ்சுப் படகில் மணப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணனுக்கு டொக்யாட்டில் வேலை. ஊருக்குப் போகிற ஒரு துரை வீட்டிலிருந்து வெள்ளை லெகோன் கோழிகளைக் கூட்டோடு வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஊர்க்கோழி கொஞ்ச முட்டை இட்டுவிட்டு அடைக்குக் கிடந்துவிடும்; இதுகள் நாள் தவறாமல் இட்டன. அம்மா கூப்பிட்டுக் காட்டாத ஆளில்லை.

பிறகு வாதம் வந்தது. குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வருகிற பருவத்தில், ஒரு காலை முன்னுக்கும் மற்றக் காலைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழும். கண் தெளிவாக இருக்கும். தீன் வைத்தால் கொத்தும். எழும்ப மட்டும் ஏலாது. அப்படியே கிடந்து மெலிந்து சாகும். லெகோன் குஞ்சுகளில் பாதிக்கு மேல் அப்படிப் போயின. உங்களோடு வந்த மூதூர்க் கோழிகளுக்கும் லெகோன் சேவலுக்கும் பிறந்ததுகளிலும் விழுந்தது, விழாமல் நின்றது, இரண்டும் இருந்தன.

எங்கள் தெருவில் கோழிக்கு வருத்தம் வந்தால் மருந்து செபஸ்தியார்தான். கொள்ளைநோய்க்கு அவர்தானே காவல்? "செபஸ்தியாரே, எல்லாத்தையும் எடுத்தாலும் ஒண்டையாவது நிப்பாட்டித் தாரும், நிக்கிறது உமக்கு" என்று நேருவோம். நின்றதைத் தைமாதத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் கோயில் மூப்பர் கையில் கொடுப்போம். அவர் கோயில் வாசலில் ஏலம் விடுவார். அன்று பின்னேரமே அது சட்டிக்குப் போய்விடும். எங்களுக்கு முந்தினவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதில் பிழை இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை.

நீங்கள்தான் நினைத்தீர்கள். புதுப்பெண் என்ற பயமில்லாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டீர்கள்.

"மாமி, ஒரு கதை கேக்கட்டே? விழுந்து செத்ததைத் தாட்டுப்போட்டம். நிண்டதைக் கோயிலுக்குக் குடுத்திட்டம். அப்ப அடுத்த முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது ஆர்?"

"ஏன், வேற வாங்குவம்."

"வாங்கிறதும் விழும் மாமி. நிண்டதின்ர இரத்தத்தில ஏதோ இருக்கு. அதைத்தானே நாங்கள் வருசா வருசம் அவிச்சுத் தின்னுறம்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுச் சிலுவை போட்டார். "வாயைக் கழுவு பிள்ளை! செபஸ்தியார்ட பொருளைப் பற்றிக் கதைக்கிற கதையே இது?" என்றார்.

அந்தத் தை நீங்கள் கொடுக்கவில்லை. வாதத்தில் விழாமல் ஒரு சிவப்புப் பேட்டுக்கோழி நின்றது. மூப்பர் வீட்டுக்கே வந்து கேட்டார். "செபஸ்தியார் காப்பாத்தினதை நான் ஏன் அறுக்கோணும்? வாழட்டும் எண்டுதானே காப்பாத்தினவர்" என்று வாசல் படலையிலேயே சொல்லி அனுப்பினீர்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் உங்கள் பக்கமும் இல்லை, அம்மா பக்கமும் இல்லை. வேலியில் காது வைத்தவர்களைக் கலைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அந்தச் சிவப்புப் பேட்டின் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே விழுந்தன. அம்மா செபஸ்தியார் படத்தைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார். அது போதாதா? நீங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுததை நான் கண்டனான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்: "நிக்கிறது எல்லாத்திலயும் பலம் இல்லை மச்சாள். சிலது சும்மா தப்பி நிக்குது. குஞ்சுகளை வளர்த்துப் பாத்தாத்தான் தாய் ஆரெண்டு தெரியும்."

பிறகு உங்கள் தாய்வீட்டுக்குப் போய், பக்கத்து வளவுச் சபியா ராத்தாவிடம் ஒரு சேவலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோஞ்சில் வந்தீர்கள். ராத்தா வீட்டில் எப்போதும் வாதத்தில் நின்றதைத்தான் அடைக்கு விடுவார்களாம். யோசித்துச் செய்தது இல்லை, நின்றது பாவம் என்று கத்தி வைக்காமல் விட்டார்களாம். அந்தச் சேவல் லோஞ்சில் ஒரு பொலிஸ்காரனின் கையைக் கொத்திப் பெரிய கூத்து நடந்தது என்று நீங்கள் நடித்துக்காட்ட, அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைப் பார்த்து நான்தான் கத்தினேன். வாதத்தில் செத்த கோழிகள் கிடந்த அதே கூட்டில், தும்பு தூசிகூடத் தட்டாமல், சின்னக் குஞ்சுகளை விட்டீர்கள். "உமக்கென்ன கல்நெஞ்சோ?" என்று கேட்டேன். வருத்தம் படாத குஞ்சு நின்றால் அதில் என்ன அத்தாட்சி என்று திருப்பிக் கேட்டீர்கள். எது எந்தத் தாயின் குஞ்சு என்று தெரிய, பழைய சேலைக்கரையைக் கிழித்துக் காலில் கட்டினீர்கள். ஒரு தாயின் பிள்ளைகளில் இரண்டு மூன்று விழுந்தால், நின்ற மற்றதுகளும் கறிக்கு. தாயும் கறிக்கு. ஒன்றும் விழாத தாயின் குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். அறுக்கிற நாளில் நீங்கள் அந்தக் கறியில் ஒரு துண்டும் தொடமாட்டீர்கள்.

மிருக வைத்தியர் ஒருவர் ஊசி போட வந்தபோது அவரை மறித்துக் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? இது வைரசுக் கிருமியால் வருகிற மரெக் என்ற வருத்தம், கோழியின் செட்டைத் தூசியிலேயே கிருமி கிடக்கும், ஒருமுறை கூட்டுக்குள் வந்தால் லேசில் போகாது என்றார். சில கோழிகளுக்குப் பரம்பரையிலேயே எதிர்த்து நிற்கிற சக்தி உண்டு, வெளிநாட்டில் அதைப் பார்த்துத்தான் இனம் பெருக்குகிறார்கள் என்றும் சொன்னார். அவர் போன பிறகு என் தோளில் அடித்து, "கேட்டீரே? எனக்கு விசர் இல்லையாம்!" என்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோசமாக உங்கள் கலியாணத்திலும் நான் காணவில்லை.

அம்மா கண் மூடுவதற்கு முதல் வந்த வாதத்தில் தெரு முழுக்கக் கோழி விழுந்தது. எங்கள் முற்றத்தில் ஒன்றும் விழவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபடி யன்னலால் அதைப் பார்த்தார். "செபஸ்தியாருக்கு உன்னில ஒரு கோபமும் இல்லைப் போல கிடக்கு" என்றார். அது அம்மா உங்களிடம் கேட்ட மன்னிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தெரு அப்படி எடுக்கவில்லை. வயிற்றில் கட்டி வந்து நீங்கள் வாடிப்போனபோது, குழாயடியில் கதை தொடங்கிவிட்டது. செபஸ்தியாருக்குப் போகவேண்டிய கோழியை வைத்திருந்தவள், அதுதான் அவர் எடுத்துக்கொண்டார் என்று மூப்பரின் மனைவி அன்னம்மா அக்கா வாளியை வைத்துவிட்டுச் சொன்னார். நான் அந்த வாளியைத் தூக்கி எறிந்தேன். நீங்கள் போன பிறகும் விடவில்லை. யார் உங்கள் பெயரையும் கோழியையும் சேர்த்துக் கதைத்தாலும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். கோதாரியில போவாள், இவளின் வாய்க்கு ஆர் பதில் சொல்வது என்று விலகிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கேட்டது ஒன்றுதான். "உம்மட அண்ணனை நீர் பாப்பீர் எண்டு தெரியும். கோழியையும் பாரும் மச்சாள். நிக்கிறதை ஒருத்தருக்கும் நேர்ந்துவிடாதையும்." நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

இப்போது கேளுங்கள், நான் செய்ததை.

இந்த முறை ஆவணியில் அன்னம்மா அக்கா கொழும்பிலிருந்து வந்த பெட்டிக் குஞ்சுகள் வாங்கினார். ஊசி போட்ட குஞ்சு என்று விற்றவன் சொன்னானாம். போட்டானோ, பொய்யோ, அதுகள் வளர்ந்து மார்கழியில் ஒவ்வொன்றாகக் காலை நீட்டின. அடுத்த வீடுகளிலும் தொடங்கியது. நான் பயப்படவில்லை. எங்கள் கோழிக்கு ஒன்றும் வராது என்று குழாயடியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பிறகு ஒருநாள் பொழுது பட்டு மைம்மல் நேரம், கண்ணாடியும் போடாமல் முற்றத்துக்கு வந்தேன். ராத்தா வீட்டுச் சேவலின் வழியில் வந்த உங்கள் சேவல் ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து இழுத்து வருகிறது.

இளஞ்சேவல்கள் எல்லாவற்றையும் நத்தார்ப் பெருநாளுக்கு அறுத்துவிட்டோம். இருந்தது அது ஒன்றுதான். அது போனால் பேடுகள் தெருவில் திரிகிற ஏதாவது ஒன்றோடு சேரும், உங்கள் வேலை முழுக்கக் கரைந்துபோகும். அந்தப் பயத்தில் முற்றத்தில் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் விரித்து, தெரு கேட்கக் கத்தினேன். "செபஸ்தியாரே, இதைக் காப்பாத்தும்! இதைக் காப்பாத்தினால் இதையே உமக்குத் தாறன்!"

என்ன விசர்க் கதை பாருங்கள். எதைக் காப்பாற்ற அழுதேனோ அதையே நேர்ந்தேன். வேறு எந்த வார்த்தையும் என் வாயில் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகின செபம் தானாக வந்து விழுந்தது.

அடுத்தநாள் விடியக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேவலைப் பிடித்துப் பார்த்தேன். வாதமும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. கடற்கரையில் யாரோ எறிந்த தங்கூசி வலையின் நைலோன் நூல் காலில் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அது செட்டையை அடித்துக் கூவிக்கொண்டு ஓடியது. முத்தின சேவலுக்கு வாதம் வருவது அருமை என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

"பயத்தில நேர்ந்தாலும் நேர்ச்சை நேர்ச்சைதான்" என்றார் அண்ணன். அன்னம்மா அக்கா வேலிக்கு அங்கால் நின்று எல்லாம் கேட்டிருந்தார். குழாயடியில், "என்ன றீற்றா, அந்த வீட்டுக் கோழியும் கடைசியாக் கோயிலுக்கு வருதாம்?" என்றார். நான் பாதி வாளியோடு திரும்பினேன்.

கொடுக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இதைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு நேரம் இழுத்தேன். அண்ணனுக்கு இப்போது இருமல். கொடுக்காமல் விட்டு அவருக்கு ஒன்று வந்தால்? உங்களுக்கு வந்ததே? ஓம் மச்சாள், அதை நான் நினைத்தேன். அந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு வாயோடும் சண்டை பிடித்த நான், அதே கதையை உள்ளுக்குள் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். சேவலைக் கொடுத்ததை விட அது எனக்குப் பெரிய வெட்கம்.

திருவிழா அன்று வரிசையில் நின்றேன். சேவல் என் நெஞ்சுச் சூட்டில் பேசாமல் இருந்தது. மூப்பர் அதை வாங்கி உயர்த்திப் பிடித்து, "பிலோமினா வீட்டுக் கோழி" என்று சத்தமாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிலுவை போட்டார்கள். நேர்ந்தவர் ஏலம் கேட்பது எங்கள் கோயிலில் வழக்கமில்லை, கேட்டால் செபஸ்தியாரோடு பேரம் பேசினமாதிரி. துறைமுகத்துக்கு லொறி விடுகிற ஒருவர் ஏலத்தில் எடுத்து விருந்துக்கே கொடுத்துவிட்டார். பின்னேரம் பந்தியில் இருந்தேன். என் தட்டில் ஒரு கால் துண்டு விழுந்தது. எந்தக் கோழியின் காலோ? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

"இனி என்ன, நாங்களும் பெட்டிக் குஞ்சு வாங்குவம்" என்று அண்ணன் ஆறுதல் சொன்னார். அவரையும் ஏசினேன்.

அடுத்தநாள் காலமை ஒரு பேடு முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. சூட்டோடு முட்டையை எடுத்த கையோடுதான் எனக்கு மூளை வேலை செய்தது. சேவல் மாற்றுகிற நேரம் நீங்கள் என்ன செய்வீர்கள்? புதுச்சேவலை விட்டு இரண்டு கிழமைக்கு ஒரு முட்டையும் அடைக்கு வைக்கவிட மாட்டீர்கள். "பழைய மாப்பிள்ளை இன்னும் உள்ளுக்க இருக்கிறார்" என்று சொல்லி என்னை வெட்கப்படுத்துவீர்கள். அப்படியென்றால் சேவல் போனாலும், இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பேடுகள் இடுவது அவருடைய முட்டைதானே? ஒன்றையும் குசினிக்கு விடவில்லை. எல்லாவற்றையும் தவிட்டில் அடுக்கினேன்.

ஆனால் அடைக்கு வைக்கக் கோழி வேண்டுமே? எங்களிடம் ஒன்றுதான் அடைக்குக் கிடக்கிறது. அடைக்கோழிகள் உள்ள வீடு எதுவென்று தெருவுக்கே தெரியும். பெட்டிக் குஞ்சுகள் விழுந்தாலும் அன்னம்மா அக்காவின் கிழட்டு ஊர்க்கோழிகள் அசையவில்லை. அந்தப் படலையைத் திறக்க என் கால் எவ்வளவு கூசியது தெரியுமா?

"என்ன, சண்டைக்கோ?" என்றார்.

"இல்லை அக்கா. அடைக்கோழி ஒண்டு இரவல் கேக்க வந்தனான்."

"பிலோமினான்ர கோழி முட்டைக்கோ?"

"ஓம்."

அவர் அரிசி புடைத்த சுளகைக் கீழே வைத்தார். "அவ இருக்கேக்க நானும் இப்பிடித்தான் உங்கட படலையில வந்து நிண்டனான். என்ர கோழி முழுக்க விழுந்த வருசம். கொஞ்ச முட்டை தா பிள்ளை, நானும் அந்த இனத்தை வைச்சுக்கொள்ளுறன் எண்டு கேட்டன். தரமாட்டன் எண்டிட்டா. குடுத்தா நிண்டதைக் கோயிலுக்குக் குடுத்து நாசமாக்குவியள் எண்டு முகத்துக்கு நேர சொன்னவ."

மச்சாள், அது உண்மையா? அண்ணனின் குறட்டையைக்கூட என்னோடு கதைத்துச் சிரித்த நீங்கள் இதை ஏன் சொல்லவில்லை? கொடுத்திருந்தால் அவர்கள் நேர்ந்துதான் இருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச முட்டை? ஒரே முற்றத்தில் எல்லாவற்றையும் பூட்டி வைத்ததால்தானே என்னுடைய ஒரு வார்த்தை அவ்வளவையும் கொண்டுபோகப் பார்த்தது? இந்த மனுசியின் வாளியை எறிந்த கை இதுதான் என்று நினைக்க எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது.

"அந்த வயித்தெரிச்சல்லதான் அவ செத்த நேரம் அப்பிடிக் கதைச்சனான். கதைச்சிருக்கக் கூடாது" என்று அன்னம்மா அக்கா சொன்னார். சொல்லிக்கொண்டே அடைக்கோழியைத் தூக்கி, அது கொத்தக் கொத்த ஓலைக் கடகத்துக்குள் வைத்தார். "குஞ்சில பாதி எனக்கு."

"ஓம், பாதி உங்களுக்கு. ஆனா வாதத்தில நிக்கிறதை நேரக்கூடாது."

"அப்ப வருத்தம் வந்தா நான் எதை நேர?"

"வாய் சும்மா கிடக்காட்டி மெழுகுதிரியை நேருங்கோ."

"அதை நீ அண்டைக்கு யோசிச்சிருக்கலாமே, மூதேவி!" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை அழவிட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

இப்போது, பாதிக் குஞ்சு என்ற அதே கணக்கில், எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டில் முட்டை அடையில் கிடக்கிறது. எது பொரிக்கும், எது விழும், எது நிற்கும் என்று தெரியாது. சிலர் பாதிக் குஞ்சோடு நின்றுவிடாமல், அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் வேண்டும் என்று கேட்கிறார்கள். இவர்களில் ஒருவராவது, பயம் வந்தால் நான் செய்ததையே செய்வார். அப்படிச் செய்கிறவரை ஏச எனக்கு இனி வாய் இல்லை.

ஆகையால் மச்சாள், உங்களுக்குத் தந்த பழைய சத்தியத்தை உடைத்தவள் இப்போது புதிதாக ஒன்று தருகிறேன். இனி யார் வந்து படலையில் நின்று கேட்டாலும் உங்கள் கோழியின் முட்டையைக் கொடுப்பேன். உங்களைப் பழித்தவர்கள் கேட்டாலும் கொடுப்பேன். கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தாலும், திரும்ப வந்து கேட்டால் திரும்பவும் கொடுப்பேன். இது உங்களுக்குப் பிடிக்காத வாக்கு என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் என்னோடு ஒரு கிழமை கதைத்திருக்க மாட்டீர்கள். கோபியுங்கள். ஆனாலும் இதை நான் நிறைவேற்றுவேன்.

வெட்கத்தோடு,
உங்கள் புருசனின் தங்கை,
உங்கள் மச்சாள்
றீற்றா